பாதிக்கு முடித்தவர்

கடனை அடைப்பவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்கினார்கள், கட்டினார்கள், மறந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடனைக் கட்டாதவர்களையும் தெரியும். அவர்களைப் பற்றி எழுத வங்கியிலேயே ஆள் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. கடனைத் தோற்கடிப்பவர்கள். வாங்கிய பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுப்பதைத் தோல்வி என்றும், பாதியைக் கொடுப்பதை வெற்றி என்றும், அந்த வெற்றியை நாலு பேரிடம் சொல்லாமல் இருப்பதைப் பாவம் என்றும் நினைப்பவர்கள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். புதுச்சேரிக்கு அமலநாதன் இருந்தார்.

அமலநாதன் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர். பகல் முழுக்க வாடிக்கையாளர்களிடம் 'இங்க ஒரே விலைங்க' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், சாயங்காலம் ஆனதும் உலகத்தின் மற்ற எல்லா விலைகளின் மீதும் பாய்வார். பெரிய மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தால் மீன்காரி ஆயம்மா வஞ்சிரத்தின் விலையை அம்பது ரூபாய் ஏற்றி வைத்துக்கொள்வாள். அவர் வந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று சொல்லி, இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போய், இரண்டு தடவையும் திரும்பி வந்து, நாற்பது ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டு, வெற்றி நடை போட்டு குருசுக்குப்பத்து வாடகை வீட்டுக்குப் போவார். ஆயம்மாவும் சந்தோஷமாக இருப்பாள். இப்படி இரு தரப்பும் ஜெயிக்கிற யுத்தம் வேறு எங்கே இருக்கிறது?

இப்படிப்பட்டவர் கையில் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஒரு வங்கி கிரெடிட் கார்டைக் கொடுத்தது. தெருவோரம் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பயணப் பையும் இலவசம். பைக்காகத்தான் கையெழுத்துப் போட்டதாக அவர் பின்னாளில் சொல்வதுண்டு. அந்தப் பையில் அடங்காத ஒரு மியூசிக் சிஸ்டம், ஒரு வாஷிங் மெஷின், வேளாங்கண்ணிக்கு வாடகைக் காரில் குடும்பத்தோடு ஒரு யாத்திரை என்று எல்லாவற்றையும் கார்டிலேயே தேய்த்தார். பில் வந்தது. குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று போட்டிருந்ததை வங்கியின் கருணை என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் அதைக் கட்டினார். பிறகு வட்டியைப் பார்த்தார். கட்டுவதை நிறுத்தினார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு புதிய தொழில் வாய்த்தது. வங்கியிலிருந்து போன் வந்தால் அமலநாதனின் தம்பி பேசுவார். அமலநாதனுக்குத் தம்பியே கிடையாது. அந்தத் தம்பி, அண்ணன் துபாய்க்குப் போய்விட்டதாக ஒரு மாதமும், மஞ்சள் காமாலையில் படுத்திருப்பதாக மறுமாதமும் சொல்வார். டீக்கடையில் இதே சங்கடத்தில் இருப்பவர்கள் அவரைச் சுற்றி உட்காருவார்கள். "மொதல்ல பயப்படாத. ரெண்டாவது, கட்டாத. அவனே எறங்கி வருவான்" என்பார். வீராம்பட்டினத்தில் மோட்டார் உதிரிப் பாகக் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் கன்னியப்பன், வேன் வாங்கின கடனில் தவணை தவறிக் கிடந்தவர், இதை வேதவாக்காகக் கேட்டுக்கொண்டு போவார்.

வீட்டில் மட்டும் இந்த வீரத்துக்குக் கைதட்ட ஆள் இல்லை. அவருடைய மனைவி புஷ்பமேரி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வசூல்காரர்கள் எப்படியோ அந்தப் பள்ளிக்கூட நம்பரைப் பிடித்து, தலைமையாசிரியையிடமே 'உங்க டீச்சர் வீட்டுக்காரர் எங்க இருக்காருங்க?' என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவள் ஸ்டாஃப் ரூமுக்குள் போகாமல் மர நிழலில் நின்றபடியே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். சீட்டுப் பணம் வருகிறது, அதைக் கொடுத்துக் கட்டிவிடலாம் என்று ராத்திரி கேட்டுப் பார்த்தாள். இவ்வளவு நாள் தாக்குப் பிடித்துவிட்டு இப்போது கட்டினால் தன்னை எவன் மதிப்பான் என்று அமலநாதன் கேட்டார். நியாயமான கேள்வி.

நாலு வருஷம் கழித்து வங்கி இறங்கித்தான் வந்தது. வசூல் ஏஜென்சியிலிருந்து கலைவாணன் என்பவர் வந்து, அறுபத்திரண்டாயிரம் நிலுவையில் இருபத்திரண்டாயிரம் கட்டினால் போதும், செட்டில்மென்ட் பண்ணிக்கொள்ளலாம் என்றார். அமலநாதன் கையெழுத்துப் போட்ட சாயங்காலம் அந்த வட்டாரமே பாதுஷா சாப்பிட்டது. நாற்பதாயிரம் லாபம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சம்பாதித்த பணத்தைப் பற்றிக்கூட அவர் அத்தனை பெருமையாகப் பேசியது கிடையாது. மனைவி தன் ஸ்கூட்டிக் கடனை மாதாமாதம் ஒண்ணாம் தேதி போய்க் கட்டி முடித்ததைச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் முத்தியால்பேட்டையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பிரான்சில் இருக்கும் மகனோடு போய்ச் சேர இருந்த செல்வாம்பாள் என்ற அம்மாளின் வீடு. இரண்டு அறை, பின்னால் கிணறு, ஒரு சப்போட்டா மரம். புஷ்பமேரி அந்த வீட்டைப் பார்த்த அன்றே ஜன்னல்களுக்குத் திரை அளந்துவிட்டாள். நகையை விற்று ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் மீதியைக் கொடுத்துப் பதிவு செய்யாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒப்பந்தம். விலையில் இருபதாயிரம் குறைத்திருந்ததால் அமலநாதன் அந்த வரியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக் கடனுக்கு வேறொரு வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவில் ஜெர்லின் என்ற அதிகாரி கணினியைப் பார்த்தாள், அமலநாதனைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்று எல்லா வங்கிகளுக்கும் காட்டும் சிபில் அறிக்கையில் அவருடைய பழைய கார்டு பற்றி 'செட்டில்ட்' என்று இருப்பதாகவும், ஸ்கோர் மிகவும் கீழே கிடப்பதாகவும், இந்த நிலையில் கடன் கொடுக்க முடியாது என்றும் சொன்னாள்.

அமலநாதன் சிரித்தார். "அது முடிஞ்சுபோச்சும்மா. செட்டில்டுன்னா முடிஞ்சதுன்னுதான அர்த்தம்?"

"முடிஞ்சது சார். முழுசா கட்டாம முடிஞ்சதுன்னு அர்த்தம். முழுசா கட்டியிருந்தா க்ளோஸ்டுன்னு இருக்கும்."

"அவங்கதான பாதி போதும்னாங்க?"

"அவங்களுக்குப் போதும் சார். அதைப் படிச்சிட்டு நாங்க எப்படி உங்களுக்கு முழுசா கொடுக்கறது?"

அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதை ஒரு வங்கி எல்லா வங்கிக்கும் சொல்லி வைத்திருக்கிறது. அதற்குப் போய்க் கோபப்படலாமா? அமலநாதன் கோபப்பட்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எல்லா வங்கிகளையும் திட்டினார். புஷ்பமேரி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்ததும், "அன்னைக்கு ஸ்கூலுக்கு போன் பண்ணாங்களே, அப்பவே என் பணத்தை வாங்கிக் கட்டியிருக்கலாம் நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு வரிக்கு அவரால் பேரம் பேச முடியவில்லை.

ஜெர்லின் வழியும் சொல்லியிருந்தாள். விட்டுக்கொடுத்த மீதியைப் பழைய வங்கியில் கட்ட வேண்டும். ஆனால் கட்டினால் 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவோம் என்று முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. கட்டிய பிறகு பாக்கி எதுவும் இல்லை என்று சான்றிதழும் வாங்க வேண்டும். அமலநாதன் கிளம்பினார். நாலு வருஷம் வங்கிக்கு டிமிக்கி கொடுத்தவர் இப்போது வங்கியைத் தேடினார். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் சங்கீதம் கேட்டது. அது நின்றால், அப்படி ஒரு கணக்கே இல்லை என்றார்கள். கலைவாணனைத் தேடிப் போனார். அவர் இன்சூரன்ஸுக்கு மாறியிருந்தார். பழைய பாசத்தில் ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், மூன்று மாடி ஏறி இறங்கி, வாராக் கடன்களைப் பார்க்கும் அதிகாரியைப் பிடித்து, ஐயா, என் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அந்த மேஜைக்கு எதிரே அப்படி யாரும் கேட்டதில்லையாம். அதிகாரி நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டார்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் அமலநாதனுக்குள் இருந்த மார்க்கெட் மனிதர் விழித்துக்கொண்டார். "மீதி நாப்பதுல ஒரு முப்பதுக்கு முடிச்சுக்கலாமா சார்?"

"தாராளமா" என்றார் அதிகாரி. "செட்டில்ட்னே போட்டுக்கறேன்."

நாற்பதாயிரமும் கட்டினார். பி.எஃப்.பில் கடன் வாங்கிக் கட்டினார். காகிதம் வந்து, அது அறிக்கையில் ஏறுவதற்குள் ஒப்பந்தத்தின் மூன்றாவது மாதம் பிறந்துவிட்டது. மறுபடி ஜெர்லினிடம் ஓடினால், 'க்ளோஸ்டு' என்று ஆகிவிட்டது, நல்லது, ஆனால் ஸ்கோர் ஒரே நாளில் எழுந்து நிற்காது, பழைய தழும்பு மறைய வருஷங்கள் ஆகும் என்றாள். அப்போதுதான் அவள் புஷ்பமேரியின் பக்கம் திரும்பி, டீச்சர் பேரில் எப்போதாவது கடன் இருந்ததா என்று கேட்டாள். ஸ்கூட்டிக் கடன் வெளியே வந்தது. ஒரு தவணைகூடத் தவறாத கடன். முதல் விண்ணப்பதாரர் புஷ்பமேரி, இரண்டாவதாகக் கணவர் என்று போட்டுக் கொஞ்சம் குறைவாகக் கடன் கிடைத்தது. கணவர் பேரில் 'செட்டில்ட்' என்றே இருந்திருந்தால் அந்த இரண்டாவது இடமும் கிடைத்திருக்காது. குறைந்துபோன தொகையை ஈடுகட்ட மியூசிக் சிஸ்டம் உட்பட விற்கக்கூடியதையெல்லாம் விற்றார்கள். செல்வாம்பாள் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் வீடு பதிவாகியது. புஷ்பமேரியின் பேரில்.

பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுச் செலவு குறையும் என்று யோசித்துத்தான் அப்படிச் செய்ததாக அமலநாதன் ஊருக்குச் சொன்னார்.

புது வீட்டுக்கு வந்த கன்னியப்பன், தன்னுடைய வேன் கடனுக்கும் பாதி கட்டினால் போதும் என்று ஏஜென்சி இறங்கி வந்திருப்பதாகவும், மறுநாள் கையெழுத்து என்றும், எல்லாம் அண்ணன் காட்டிய வழி என்றும் நெகிழ்ந்தார். அமலநாதன் கொஞ்ச நேரம் சப்போட்டா மரத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நாலு வருஷ மரியாதை போய்விடும். சொல்லாவிட்டால் கன்னியப்பனுக்கு இனி ஒரு வேன் கிடையாது. உள்ளேயிருந்து காபி எடுத்து வந்த புஷ்பமேரி, டம்ளரை நீட்டியபடி கணவர் முகத்தையே பார்த்தாள்.

"கையெழுத்துப் போடாத" என்றார் அமலநாதன். "வட்டியக் கொறைக்கச் சொல்லு, தவணை கேளு, ஆனா முழுசா கட்டு. க்ளோஸ்டுன்னு எழுதி வாங்கு. செட்டில்டு வேற, க்ளோஸ்டு வேற. இதெல்லாம் இப்ப பல பேருக்குத் தெரியாது."

தனக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. புஷ்பமேரியும் சொல்லவில்லை. இன்று டீக்கடையில் அவர் முழுசாகக் கட்டுவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார். கூட்டத்துக்குக் குறைவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பேரில் கார்டும் இல்லை, கடனும் இல்லை. மிகவும் சந்தோஷம். ஆனால் போன வருஷம் உங்கள் மைத்துனர் கடனில் வண்டி வாங்கினபோது, 'சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா' என்று ஒரு ஜாமீன் தாளை நீட்டினாரே, நீங்களும் டி.வி. பார்த்தபடியே போட்டுக் கொடுத்தீர்களே. அந்த வண்டிக்குத் தவணை ஒழுங்காகப் போகிறதா, கேட்டீர்களா?