பொட்டு வைத்த பெட்டி

ஆவாரங்குளம்,
உசிலம்பட்டி வழி,
12.6.1984

அன்புள்ள மச்சான் சின்னச்சாமி அவர்களுக்கு, முத்திருளன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை மாயக்காளும் கறவை மாடும் சுகம். திருநகரில் நீங்களும் அக்காவும் மருமகள் ஜெயக்கொடியும் சுகமா என்று அறிய ஆவல். இந்த வீட்டில் சுகமில்லாதவன் என் மகன் காசிமாயன் ஒருவன்தான்.

அவன் படிப்பு முடிந்ததும் ஜெயக்கொடிக்கும் அவனுக்கும் நிச்சயம் என்று பேசியிருந்தோம். எப்போது முடியும் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். முடியாது மச்சான். உங்களிடம் பெண் கேட்டு வந்த பேங்க் மாப்பிள்ளைக்கே ஜெயக்கொடியைக் கொடுத்துவிடுங்கள். முறைப்பெண் என்று நான் சண்டைக்கு வர மாட்டேன்.

மெட்ராஸில் அவன் படிக்கிற எம்.டெக். என்னவென்று எனக்கே இந்த லீவில்தான் விளங்கியது. வைத்தியத்துக்கு மெஷின் செய்கிற படிப்பு. அதுவும் ஆராய்ச்சியைப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் போதாதாம், ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்களே எடுத்துப் புழங்கினால்தான் பாஸாம். ஊருக்கு இது புரியுமா? இடுப்புவலிக்கு ஊசி போடச் சொன்ன ஒச்சம்மாளிடம், "நான் எஞ்சினியர் அத்தை" என்றான். பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த காளையிடம், "நாங்க ஆஸ்பத்திரி மெஷின் மட்டுந்தேன் பாப்போம் சித்தப்பா" என்றான். காளை டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "ஏண்ணே, நோவுக்கும் ஆகல, மோட்டாருக்கும் ஆகல, இம்புட்டு வருசமா தம்பி என்னதேன் படிக்குது?" என்று கேட்டுவிட்டான். பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

அவன் செய்தது ஒரு பெட்டி. அதன் தகட்டைப் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் வைத்தால் உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பு சத்தமாகக் கேட்கும். டார்ச் லைட் பேட்டரி போதும். பக்கத்து ஊர் சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு போய்ப் பார்த்தால், பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றி, பீரோவில் பூட்டியிருக்கிறார்! "வெல உள்ள சாமான் தம்பி, கைபட்டுக் கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது? ஆயுத பூசைக்கு எடுப்போம்" என்றாராம். வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

பெற்ற மனசு கேட்குமா? ஊரே காதால் கேட்டால் நர்சம்மாவுக்குத் தைரியம் வருமே என்று பெட்டியை வாங்கி வந்து, விசேஷ வீடுகளுக்கு ரேடியோ கட்டும் தவசியின் மைக்செட்டில் மாட்டச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்றான், நான்தான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு எட்டு மாசக்காரி, ஆசையாக வந்து உட்கார்ந்தாள். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கிளம்பியது பாருங்கள் சத்தம், தடதடதடவென்று, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, கண்மாய்க்கரையில் இருந்த ஜனமெல்லாம் இங்கே ஓடிவர, "புள்ள என்னப்பா இப்பிடி ஓடியாருது, பஸ்ஸ விட்ருச்சா?" என்று காளை கேட்க, தங்கப்பொண்ணின் மாமியார் சோணையம்மாள், "வெளிய வராத புள்ளைக்கு ஊரையே கூட்டிக் கண்ணு வைக்கிறியளா?" என்று திட்டிக்கொண்டே ஆரத்தி சுற்ற, தட்டு சாய்ந்து தண்ணீர் முழுதும் பெட்டிக்குள் போய்விட்டது. சத்தம் நின்றது.

காசிமாயன் பெட்டியைப் பிரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அழுகையாக வருகிறது மச்சான். பூட்டிய பெட்டியையாவது திறக்கச் சொல்லலாம், நனைந்த பெட்டியை யார் தொடுவார்? ஜெயக்கொடியைக் காக்கவைக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகளுக்கு, இனி அப்படி எழுதக்கூடாது, ஜெயக்கொடிக்கு எங்கள் ஆசி. பேங்க்காரர் வீட்டில் அவள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முத்திருளன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மாயக்காளுக்கு உரக்க வாசித்தேன். காசிமாயன் காய்ந்த பெட்டியை மறுபடி பொருத்தி, தகட்டைத் தன் நெஞ்சிலேயே வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். துடிப்பு நிதானமாகத்தான் கேட்டது. "பேங்க் மாப்பிள்ளைக்கே" என்று நான் வாசித்ததும், தங்கப்பொண்ணு பிள்ளை தோற்றது போங்கள், அப்படி அடித்துக்கொண்டது! மைக்செட்டை இன்னும் கழற்றவில்லை, தெரு முழுக்கக் கேட்டது. "வாயத் தொறக்காத பய, நெஞ்சு கத்துது பாருங்க. மேல எழுதுனதெல்லாம் அடிச்சு விடுங்க" என்கிறாள் உங்கள் தங்கை. நர்சம்மா வேறு வாசலில் நிற்கிறார். பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் "எங்க புள்ள சத்தத்தையும் கேக்கணும்" என்று மறிக்கிறார்களாம், பெட்டியைக் கையோடு கேட்கிறார். இனிமேல் பூட்டவே மாட்டாராம், அவரே எடுத்துப் புழங்கினால் இவன் பாஸ்தானே! ஆகவே மேலே எழுதியதைப் படிக்காததாக வைத்துக்கொண்டு, நிச்சயம் பேச ஞாயிற்றுக்கிழமை வரவும். மருமகளையும் கூட்டி வாருங்கள். அவள் நெஞ்சு என்ன சொல்கிறது என்றும் கேட்டுவிட வேண்டும், மைக்செட் இல்லாமல்.