கவிழ்த்துப் பார்க்கிறவர்

தம்ளரைக் கையில் கொடுத்தால் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் ஓர் இனம். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து, அடியில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனத்தில் ஒருவராவது உங்கள் தெருவில் இல்லாமல் போகமாட்டார்.

புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரி குமாஸ்தா ஆத்மநாதன் அந்த இனத்தில் முதல் தரம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் அண்டாவின் வயதைச் சொல்லுவார்; துக்க வீட்டுக்குப் போனால் பாடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார்; சித்தன்னவாசலுக்குப் போய், மலையைக் கவிழ்க்க வழியில்லையே என்று சோறு இறங்காமல் திரும்பியவர். முன்பல் சந்தில் நாக்கு நுனியை விட்டுக்கொண்டு, "ஐதர் காலத்துக்கு முந்தினது" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. யார் மறுப்பது? ஐதரா எழுந்து வரப்போகிறார்?

ஊராருக்கு இது வேடிக்கை. அவர் மனைவி சொர்ணவல்லிக்கு அப்படியில்லை. அவளிடம் இருந்தது மூலை உடைந்த கைக்கண்ணாடி ஒன்று. அதில் ஒரு சமயத்தில் ஒரு கண்தான் தெரியும். அதனால் அவள் பொட்டு ஒருநாளும் நெற்றி நடுவில் உட்கார்ந்ததில்லை. ஆவணியில் அவள் தம்பிக்குக் கல்யாணம். சபை பார்க்க, மாப்பிள்ளையின் அக்காளாக நின்று தாலிக்கு முடிச்சுப் போடவேண்டியவள் அவள். அன்றைக்காவது பொட்டு நேராக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. மாசியில் ஒரு நாள் கணவர் ஏலத்தில் எடுத்த கண்ணாடி மேஜை, ஆள் உயரக் கண்ணாடியும் மூன்று இழுப்பறையுமாக வண்டியில் வந்து இறங்கியபோது, சீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"தொடாத. செஞ்சவன் யாரு, வயசு என்னன்னு தெரியிற மட்டும் இதுல யாரும் மூஞ்சி பாக்கப்படாது. பாக்கப் பாக்கக் கண்ணாடி தேஞ்சுரும்."

வேட்டியைப் போட்டு மூடிவிட்டார். பிறகு ஆராய்ச்சி. இழுப்பறைகளை முகர்ந்தார். திருகாணியில் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் மேஜைக் காலை நக்கினார்.

"உப்புக் கரிக்குது. கப்பல்ல வந்த மரம்."

கீழ் இழுப்பறையின் விளிம்பில் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள், நடுவில் ஓர் இடைவெளி. அது பிரெஞ்சுத் தச்சனின் உளி முத்திரை என்று முடிவாயிற்று. பார்க்க வந்தவர்களையும் நக்கச் சொன்னார். ஹெட்கிளார்க்கே குனிந்து நக்கிவிட்டு, உப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆவணியும் வந்துவிட்டது. தச்சன் பெயர் மட்டும் கிடைக்கவில்லை, வேட்டியும் இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஆவுடையார்கோவிலிலிருந்து ஆத்மநாதனின் அக்காள் மீனம்மாள் வந்தாள். வந்ததும் தலைவாருவதற்காக வேட்டியை உருவினாள்.

"அட, இது நம்ம வீட்டு மேஜையில்ல?"

"பிரெஞ்சுக்காரன் செஞ்சது அக்கா. இந்தா, அவன் உளித் தடம்."

மீனம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு, "வாயைத் தொற" என்றாள். சின்ன வயதுப் பழக்கம், திறந்துவிட்டார்.

"அதே சந்து. பல்லு மொளைக்கயில நீ கடிச்சதுடா. நம்ம சோலையப்ப ஆசாரி செஞ்ச மேஜை. அப்பா திருச்சினாப்பள்ளிக்கு வேலைக்குப் போகயில வித்துட்டாரு."

"அப்ப உப்புக் கரிக்குதே?"

"கரிக்காம? மாட்டுக்குத் தவிடும் உப்பும் வச்ச தொட்டிப் பலகையப் பேத்துல்ல காலு செஞ்சாக. ஆமா, உப்புன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ஆத்மநாதன் பல் சந்திலிருந்து நாக்கு நுனியை உள்ளே இழுத்துக்கொண்டார். ஹெட்கிளார்க்கை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஆனால் இந்த இனம் லேசில் விழாது.

"அப்பன்னா இந்தப் பல்லுத் தடத்துக்கே நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இனிமே யாரும் கிட்ட வந்து..."

"பல்ல நீங்க பாத்துக்கங்க. கண்ணாடிய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, சொர்ணவல்லி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு நெற்றி நடுவில் பொட்டு வைத்தாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. மை கலையுமே என்று நிறுத்திக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் இந்தப் புத்தகத்தை எடுத்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? எந்த அச்சகம், எந்த வருஷம் என்று புரட்டவில்லையா? மூக்கருகே கொண்டுபோகவில்லையா? பரவாயில்லை, குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. வீட்டில் துணி போட்டு மூடிய சாமான் ஏதாவது இருந்தால், நாக்கை வைக்குமுன் உங்கள் அக்காளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.