ஈர விறகுக்குக் கழிவு

மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு முத்தையாவின் ஞாபகம் வந்தது. அதுவரை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். தூறல், தலையில் கோணிச்சாக்கு, சட்டைப்பையில் கணக்குத் தீர்த்து வாங்கிய சம்பளம், மனசுக்குள் ராஜா என்று ஒரு நினைப்பு. தேயிலை ஃபேக்டரியின் புகைபோக்கி எனக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது. வேலையை விட்டுவிட்டு நடக்கிற முதல் ஒரு மணி நேரம் மாதிரி சுகம் உலகத்தில் கிடையாது. (இரண்டாவது மணி நேரத்தில் பசிக்கும். அது வேறு விஷயம்.)

இந்தச் சுகத்தை நான் நிறையவே அனுபவித்தவன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டதில் ஆரம்பம். அப்புறம் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மூட்டை, அவலாஞ்சியில் அணை வேலைக்குக் கல் சுமப்பது, கூடலூரில் குறுமிளகு காயவைப்பது என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தேன். கூடலூரில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கடை வாசலில்தான் படுக்கை. சாக்கு கிழியாமல் இருந்தால் தூக்கம் வந்துவிடும். கடைசியாக இந்த ஃபேக்டரி. தேயிலை உலர்த்தும் மெஷினுக்குச் சூடு கொடுக்கும் பெரிய அடுப்பில் விறகு போடுவது என் வேலை. அன்று காலை நனைந்த விறகை லாரியிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு, தூளில் புகை வாடை அடிக்கிறது என்று தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர் என்னைத் திட்டினார். "ஈரத்தை நான் ஊதியா எடுக்கோணுமுங்க? நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முத்தையா யார் என்று சொல்லவில்லையே. சேரம்பாடியில் சரோஜா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா. சிலோன் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, எல்லோரோடும் சேர்த்துக் கப்பலேற்றி அனுப்பப்பட்டு, சேரம்பாடியில் கொழுந்து பறிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். சரோஜாவை நான் ஒரே ஒரு தடவை, கூடலூர்ச் சந்தையில் பார்த்திருந்தேன். கருவாட்டுக்காரனோடு சண்டை போட்டு, ஜெயித்து, கூடவே ஒரு கருவாட்டை இலவசமாகவும் வாங்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் எனக்கு வேறு யாரையும் பற்றி யோசிக்க முடியவில்லை. என் அக்கா வீட்டுக்காரர்தான் போய்ப் பேசினார். "ஃபேக்டரியில நெருப்பு டிப்பார்ட்மெண்டே நம்ம பையன் கையிலதானுங்க" என்று சொல்லியிருந்தார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

அந்த டிப்பார்ட்மெண்டைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, பெண் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றார் முத்தையா. அவர் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவதாகச் சொன்ன நாள் அன்றைக்குத்தான். அதைத்தான் மூன்றாவது வளைவு தாண்டி நினைத்துக்கொண்டேன்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பஸ் ஸ்டாண்டில் காக்கிக் கோட்டும் வேட்டியும் கறுப்புக் குடையும் துணிப்பையுமாக ஒருவர் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"தம்பிதானா? என்னாங்க இது, டிப்பார்ட்மெண்டு ஆளு தலையில சாக்கு?"

"மழைங்க."

"சரி, ஃபேக்டரிக்குப் போவமா? நாலு மணிக்குக் கூடலூர் பஸ்ஸு. அதை விட்டா எனக்கு வேற இல்ல."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி உண்மையைச் சொல்லியிருப்பான். நான், நாலு மணி வரைக்கும் இவரை எங்கேயாவது உட்கார வைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். "முதல்ல சாப்புடலாமுங்க" என்றேன். ஆனால் சாதாரண ஓட்டலில் இலை போட்டுக் கால் மணி நேரத்தில் அடுத்த ஆள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். நேரம் போகவேண்டும் என்றால் அதற்கு ஒரே இடம்தான் எனக்குத் தெரியும். மேட்டின் மேல், வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய ஹோட்டல். ஒருமுறை அதன் பின்வாசலில் கிழங்கு மூட்டை இறக்கியபோது சமையல்காரர் அலுத்துக்கொண்டார்: "உள்ள உக்காந்தா எந்திரிக்க மூணு மணி நேரம் ஆக்குறாங்கப்பா."

ஊரில் எல்லோரும் சாப்பாட்டுக்காக ஹோட்டலைத் தேடுவார்கள். தாமதத்துக்காகத் தேடியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

வாசலில் தலைப்பாகை கட்டியவர் என் சாக்கை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார். உள்ளே கம்பளம். முத்தையா செருப்பைக் கழற்றப் போனார். பரிமாறுபவர் ஓடிவந்து தடுத்தார்.

"சன்னலோரமா உக்கார்றீங்களா சார்? ஏரி முழுசாத் தெரியும்."

"அதுக்கென்னங்க."

ஏரி தெரியவில்லை. மூடுபனிதான் கண்ணாடியில் வந்து மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கணப்பு. அதில் நாலு கட்டைகள் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண்ணைப் பெற்றவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு விலை கேட்பது, எங்கள் பக்கத்தில், 'உங்கள் பெண் வேண்டாம்' என்று சொல்வதற்குச் சமம். அதனால் நான் எதற்கும் விலை கேட்கவில்லை. அதற்கு மேல், வருகிற ஒவ்வொரு பண்டமும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும். ஆகவே, "எல்லாம் ஒண்ணொண்ணா மெதுவா வரட்டுங்க" என்றேன். பரிமாறுபவர் என்னைப் பரம்பரைப் பணக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். முகமே மாறிப்போனது.

கேட்காமலே ஒரு கூடை ரொட்டி வந்தது. ஊறுகாய் மாதிரி இதையும் சும்மா வைக்கிறார்கள் என்று நினைத்தோம். முத்தையா இரண்டைத் தின்றுவிட்டு, மூன்றைத் துணிப்பைக்குள் போட்டார். "சரோஜாவுக்கு" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டதும் நான் இன்னொரு கூடை கொண்டுவரச் சொன்னேன்.

சூப் வந்தது. பாட்டிலில் தண்ணீர் வந்தது. மூலையில் ஒருவர் பியானோவுக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்காக ஒண்ணு வாசிக்கச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்கள். அதுக்கென்னங்க. அவர் திடுக்கிட்டு எழுந்து வாசித்தார்.

முத்தையா சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். முப்பது வருஷமாக அவருக்கு ஒரே சண்டைதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழித்துக்கொண்டுதான் சம்பளம் போடுவார்கள். வெயில் அடிக்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழித்தால் முத்தையா விடமாட்டார்.

"சிலோன்ல ஒரு தொரைகிட்டயே கேட்டேன் தம்பி. கொழுந்தைக் கையில எடுத்துப் புழிஞ்சு காட்டுங்க, ஒரு சொட்டுத் தண்ணி வந்தா கழிச்சுக்கங்கன்னு."

"வந்துச்சுங்களா?"

"தொரைக்கு வேர்வைதான் வந்துச்சு."

நான் சந்தோஷமாகச் சிரித்தேன். மணி ஒன்றரை. கோழி இன்னும் வரவில்லை. எல்லாம் என் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது, அந்தக் கணப்பைத் தவிர.

பரிமாறுபவர் ஒரு கூடை விறகோடு வந்து குனிந்தார். "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா சார்?"

"போடுங்க, அதுக்கென்ன."

போட்டார். அத்தனையும் வெட்டிக் காயாத யூகலிப்டஸ் கட்டை, மழையில் நனைந்தது. இருந்த கொஞ்ச நெருப்பும் அதற்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. புகை மட்டும் எழுந்து நேராக எங்கள் மேசைக்கு வந்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு கூடை. "போடட்டுங்களா?" போடுங்க. முத்தையா இருமினார். கண்ணைத் துடைத்தார். குடையை எடுத்தார். எழுந்தே விட்டார்.

"போதும் தம்பி. வாங்க, ஃபேக்டரிக்கே போவோம். அங்கயாச்சும் சூடா இருக்கும்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. (வேறு வேலையும் தெரியாது.) கம்பளத்தில் மண்டி போட்டேன். கட்டைகளை எல்லாம் வெளியே இழுத்தேன். ஈரமானவற்றைப் பக்கச் சுவரில் சாய்த்து நிறுத்தி, பழைய கட்டையிலிருந்து காய்ந்த சிம்புகளாக நாலைப் பிய்த்து உள்ளே கூடு கட்டி, காற்று போக வழி விட்டு, தரையில் கன்னத்தை வைத்து ஊதினேன். மற்ற மேசைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நெருப்பு ஒரு தடவை இருமிவிட்டு 'ஓ'வென்று எழுந்தது. தூரத்து மேசையிலிருந்து ஒரு குண்டு அம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

திரும்பினேன். என் மூஞ்சி முழுக்கக் கரி. முத்தையா கைகளை நெருப்புக்கு நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி. நெருப்பு டிப்பார்ட்மெண்டுன்னா இதானா?"

"ஆமாங்க."

"அதுல மொத்தம் எத்தனை ஆளு?"

"நான் ஒருத்தன்தானுங்க."

"நீங்க இங்க இருக்கீங்க. இப்ப அங்க யாரு போடுறா?"

நான் கரியைச் சட்டையில் துடைத்தேன். "காலையில வேலையை வுட்டுட்டு வந்துட்டேனுங்க."

அவர் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கோழி வந்தது. எலும்பு வரைக்கும் தின்றார். கடைசியாக இனிப்பும், "தேத்தண்ணி" என்று அவர் கேட்டு, வெள்ளிக் கெண்டியில் வந்த தேநீரும் வந்தன. அதையும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பெண் கொடுக்கிற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. சரோஜா கருவாட்டோடு நடந்து நடந்து மூடுபனிக்குள் மறைவது எனக்கு அந்தச் சன்னலில் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சன்னலில் எனக்குத் தெரிந்த ஒரே காட்சி அதுதான்.

பில் வந்தது. தோல் அட்டைக்குள், தாம்பூலத் தட்டு மாதிரி ஒன்றில். என் முழுச் சம்பளத்தையும் வைத்தாலும் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் விழிப்பதைப் பார்த்து மேனேஜர் வந்தார். கோயமுத்தூர்க்காரர், நல்ல மனுஷன், டை கட்டியிருந்தார்.

"ஏனுங்க, ஏதாச்சும் சந்தேகமுங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் முத்தையா கையைக் காட்டி என்னை அடக்கினார். "ஒண்ணொண்ணா வாசிங்க" என்றார். குரல் மாறியிருந்தது. நிறுவை நடக்கும் இடத்துக் குரல்.

மேனேஜர் வாசித்தார். சாப்பாட்டோடு நிற்கவில்லை. ரொட்டி இரண்டு கூடை. தண்ணீர். பியானோ. சன்னலோர மேசை. கணப்பு, விறகு இரண்டு கூடை. எல்லாவற்றுக்கும் மேலே பரிமாறியதற்கு.

"பரிமாறினதுக்குமா? அப்ப நாங்களே அடுப்படிக்குப் போய்ப் போட்டுக்கிட்டு வந்திருப்பமே."

"அது இங்க வழக்கமுங்க."

"சரி. ரொட்டி தின்னோம், குடுக்கோணும். சன்னல்? என்னா தெரிஞ்சுது? பனி. பனியை சேரம்பாடியிலயே சும்மா பாப்போமே."

"நடுவுல கொஞ்ச நேரம் வெலகுச்சுங்களே, நானே பார்த்தேன்."

"நான் அப்ப ரொட்டியைப் பாத்துக்கிட்டிருந்தேன். பாதியைக் கழிங்க." மேனேஜர் பேனாவை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "அடுத்து வெறகு. அதைக் கையில தொட்டுப் பாத்தீங்களா? புழிஞ்சா தண்ணி கொட்டும். எங்க கொழுந்துல ஈரத்துக்குக் கழிக்கிறீங்கள்ல, இதுல ஈரத்துக்குக் கழிங்க."

"பெரியவரே, இது எஸ்டேட் இல்லீங்க!"

"அதான் தெரியுதே. எஸ்டேட்டுல கழிப்பாங்க."

அந்தக் குண்டு அம்மாள் கை தட்டினார். மேனேஜர் சிவந்துபோய், "கழிச்சாலும் கணப்புக்குக் காசு உண்டுங்க. எல்லாரும் குளிர் காஞ்சாங்கல்லோ" என்றார்.

"காஞ்சாங்க!" முத்தையா மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். கெண்டி குதித்தது. "யாரு போட்ட நெருப்புல காஞ்சாங்க? உங்க ஆளு போட்டது பொகை. நெருப்பு போட்டது எங்க மாப்பிள்ளை! அதுக்குக் கூலி எங்க? அதை முதல்ல எழுதுங்க!"

அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா பாக்குறீங்க? வாயில வந்துருச்சு. வந்தது வந்ததுதான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி மேனேஜர் பக்கம் திரும்பிக் கூலிக்குச் சண்டை போட்டார்.

மேனேஜர் பில்லில் கணப்பை அடித்தார், சன்னலில் பாதியை அடித்தார், பியானோக்காரர் எழுந்து வந்து பரவாயில்லை என்று சொன்னதால் பியானோவையும் அடித்தார். மிச்சத்துக்கு என் சம்பளம் சரியாகப் போனது. கூலி மட்டும் தரமாட்டேன் என்றார். "கூலி வேணுமுன்னா நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. ரூமுக்கு ரூம் நெருப்புப் போடத் தெரிஞ்ச ஆள் இல்லாமத்தான் இந்தப் பாடு."

சரோஜாவுக்குப் போய்ச் சேர்ந்த ரொட்டி கல்லாகியிருந்ததாம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குத்தான் பலகாரம் கொடுப்பார்கள், தன் விஷயத்தில் பெண்ணுக்கே பலகாரம் வந்தது, அதுவும் உடைத்துத் தின்ன வேண்டியதாக வந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். எங்கள் வீட்டில் யார் எதற்குக் கணக்குச் சொன்னாலும், "ஈரத்துக்குக் கழிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பரீட்சையில் மார்க் குறைந்துபோன பேரன்கூட, "வாத்தியார் ஈரத்துக்குக் கழிச்சுட்டாருங்க தாத்தா" என்கிறான்.

அந்தச் சண்டைக்கு மறுநாள் விடிந்ததும் ஹோட்டலுக்குப் போனேன். தலைப்பாகைக்காரர் என் சாக்கை மடித்து வைத்திருந்தார். (அந்த ஹோட்டலில் காசு வாங்காமல் செய்தது அது ஒன்றுதான்.) எனக்குக் கை நீளம் பத்தாத ஒரு சிவப்புக் கோட்டும் ஒரு கூடை விறகும் கொடுத்து, மேலே அனுப்புமுன் மேனேஜர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். முதல் அறையில் சமவெளியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, இருந்த கம்பளியை எல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெருப்பு நன்றாகப் பிடித்தது. அந்த அம்மாள் முகமே மலர்ந்துவிட்டது.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு குனிந்தேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா சார்?"

"போடுப்பா, அதுக்கென்ன" என்றார் அவர்.