ஒத்திகை பார்த்த நேர்மை

பிறர் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில் அன்னதான வரிசையில் முன்னால் நிற்பவரிடம் பொறுமையின் அருமையைச் சொல்லிக்கொண்டே அவரை முந்திப் போவார். கல்யாண விருந்தில் சோற்றை வீணாக்குவது பாவம் என்று பக்கத்து இலைக்காரருக்கு விளக்கிவிட்டு, தம் இலையில் பாதிச் சாப்பாட்டை மூடிவைத்து எழுந்துகொள்வார். பெரும்பாலோர் இந்தச் சேவையை இலவசமாகவே செய்கிறார்கள். சம்பளத்துக்குச் செய்யும் பாக்கியம் சிலருக்குத்தான் கிடைக்கிறது.

அப்படிக் கிடைத்தவர் கமலநாதன்.

மலேசியாவில் ஜொகூர் பாருவை ஒட்டிய அனைத்துலகப் பள்ளி ஒன்றில் அவர் நன்னெறிக் கல்வி ஆசிரியர். நான் அங்கே அறிவியல் நடத்துகிறேன். அவருடைய பாடவேளை வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். முஸ்லிம் பிள்ளைகள் அரபு மொழிக்கும் இஸ்லாமியக் கல்விக்கும் சமய ஆசிரியை உஸ்தாஸா ரொஹானியிடம் போவார்கள், மற்றவர்கள் கமலநாதனிடம். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கத்துச் சிரிப்பு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கேட்பதற்குச் சிரிப்பு எதுவும் இருந்ததில்லை.

கமலநாதன் கெட்டவரா? இல்லவே இல்லை. அவருக்கு எல்லா நற்பண்புகளும் தெரியும், விளக்கத்தோடு தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எடுத்துக்காட்டோடு சொல்வார். சிற்றுண்டிச் சாலையில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால், "இதுல என்ன பண்பு கொறையுது?" என்பார். போட்டவர் குனிந்து எடுப்பதற்குள் அதற்கான பதிலும் அவரிடமிருந்தே வந்துவிடும். மாசாயிலிருந்து காரில் வந்து, கார்களைப் பிரிக்க வரைந்த கோட்டின்மேல் நிறுத்தி இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு, அரக்கப்பரக்க ஆசிரியர் கூட்டத்துக்குள் நுழைந்து, நேரந்தவறாமையைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்ததில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று விளக்கம் சொன்னவர் அவர்.

போன ஆண்டு பள்ளியை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. குழுவின் கண்ணில் நல்ல பேர் எடுப்பவருக்குத் துறைத் தலைவர் பதவி என்று பள்ளியில் பேச்சு. கமலநாதன் எடுத்துக்கொண்ட பாடம், நேர்மை. அதை அவர் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். எந்தப் பிள்ளை எப்போது கை தூக்க வேண்டும், எந்தப் பிள்ளை கொஞ்சம் தயங்க வேண்டும், எல்லாம் ஏற்பாடாயிற்று. லோஷினி என்ற பெண்ணுக்கு மட்டும் கடினமான வேடம். தெருவில் கிடந்த பணப்பையை நானே வைத்துக்கொள்வேன் என்று முதலில் அவள் சொல்ல வேண்டும். ஆசிரியர் இரண்டு கேள்வி கேட்டதும் தலைகுனிந்து திருந்திவிட வேண்டும்.

அன்றைக்கு அவள் அருமையாகத் திருந்தினாள். குரல்கூடக் கம்மியது.

குழுவில் சுபத்திரா என்று இலங்கைத் தமிழ் அம்மையார் ஒருவர். அவர் எழுந்துபோய் லோஷினியின் மேசையருகே குனிந்து, பிள்ளை மிரளாமல் இருக்கட்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

"இவ்வளவு கெதியா மனசு மாறிட்டீங்களே பிள்ளை, என்ன காரணம்?"

லோஷினி கமலநாதனைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். அதில் பெரிதாக 'நேர்மை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"மாறல மேடம். நேத்தும் இந்த எடத்துலதான் திருந்தினேன்."

வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியவருக்குத் தெரிந்தது. அந்த ஒரு நொடி கமலநாதனுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததாம். பிற்பாடு அவரே சொன்னார். அடக்கிக்கொண்டாராம். அடக்காமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ரொஹானியின் பாடம் ஒத்திகை இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டிய ஓர் அரபு எழுத்து பிள்ளைகளுக்கு இருமலாக வர, அவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். பிறகு அங்கே போன குழு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

இங்கே விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் இந்த இனம் அவமானத்தைச் சும்மா விழுங்குவதில்லை, அதற்கும் ஒரு பண்பின் பெயரைத் தேடும். கமலநாதன் நன்னடத்தைப் பட்டியலில் லோஷினிக்கு 'மரியாதை' என்ற கட்டத்தில் மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டார். அவளுடைய அம்மா ஷாமளா அதே பள்ளியின் பாலர் பிரிவில் உதவியாளர்; ஊழியர் பிள்ளை என்பதால் அவளுக்குக் கட்டணச் சலுகை. நன்னடத்தை குறைந்தால் சலுகை போகும், சலுகை போனால் லோஷினியும் போக வேண்டியதுதான்.

ஷாமளா ஆசிரியர் அறைக்கு வந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் முகத்தில் இருந்தது. குரலில் இல்லை. உண்மை சொல்வதற்கும் ஒரு நேரம், இடம் உண்டு என்று கமலநாதன் நிதானமாக விளக்கினார்.

"எந்த நேரம்னு சொல்லிடுங்க சார்," என்றார் ஷாமளா. "பிள்ளைகிட்ட சொல்லி வெக்கிறேன்."

அறையில் இருந்தவர்கள் குனிந்து விடைத்தாள் திருத்தத் தொடங்கினார்கள். நானும்தான்.

அந்தப் பட்டியலில் இரண்டாவது ஆசிரியராக ரொஹானியும் கையெழுத்திட வேண்டும். அவர் பேனாவைத் திறந்தார், படித்தார், மூடினார். இந்தப் பெண் என்ன மரியாதைக் குறைவு செய்தாள் என்று எழுதிக் கொடுங்கள், உடனே போடுகிறேன் என்று மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னார். கமலநாதன் எழுத உட்கார்ந்தார். எல்லாப் பண்புகளையும் எடுத்துக்காட்டோடு தெரிந்தவரால், அன்று மாலைவரை அந்த ஓர் எடுத்துக்காட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

குழுவின் அறிக்கை வந்தது. பள்ளியில் தங்களை மிகவும் கவர்ந்தது நன்னெறி வகுப்பில் ஒரு மாணவி காட்டிய நேர்மை என்று எழுதியிருந்தார்கள். பள்ளி முதல்வர் அதை வாசித்ததும் கமலநாதன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பிள்ளையின் மனத்தில் அந்த நேர்மையை விதைக்கத் தாம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல என்றார். நடிக்கவில்லை ஐயா, மனதார நம்பித்தான் சொன்னார்! மதிப்பெண் அன்றே முழுதாகத் திருத்தப்பட்டது. லோஷினி பள்ளியில் தங்கினாள். கமலநாதன் துறைத் தலைவரானார். இப்போது ரொஹானியின் பாடத்தையும் அவர்தான் மேற்பார்க்கிறார்; வகுப்பில் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி அவருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததா? மைத்துனரோ, மேலதிகாரியோ, கோயில் செயலாளரோ? இதை அவருக்கு அனுப்பிவைத்தால் படித்தாவது திருந்துவார் என்று தோன்றியதா?

தோன்றியதென்றால், வாழ்த்துகள். பணி நியமனம் ஆகிவிட்டது. சம்பளம் மட்டும்தான் இன்னும் வரவில்லை.