எது அவசரம்?

"மோட்டார் எரிஞ்சா அவசரம்னு எந்த ரூல்ல இருக்குது?" என்று கேட்டார் நகராட்சித் தலைவர் ஆதிமூலம்.

கணக்காளர் செவ்வந்தி பேரேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். மூன்று மாதச் சம்பளத்துக்கான பணம் பொது நிதியில் எப்போதும் இருப்பாக இருக்க வேண்டும். அதில் யாரையும் கைவைக்க விடமாட்டாள். அவள் அம்மா இதே ஊரில் தெரு கூட்டியவள். கஜானா காலி என்று நாலு மாதம் சம்பளமே இல்லாமல் கூட்டியவள்.

அந்த இருப்புக்கு மேல் உபரி இருபதாயிரம் இருந்தது. மோட்டாருக்கு எஸ்டிமேட் பதினெட்டாயிரம். குளத்துமேட்டில் நூற்றுப்பத்து வீடுகளுக்கு ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை.

"இருப்பைத் தொட வேணாம் சார். உபரியிலயே முடிஞ்சிடும். ஒரு கையெழுத்து போடுங்க."

"நான் தனியா போட்டுட்டு ஆடிட்ல மாட்டிக்கவா? கூட்டம் போடும்மா."

கூட்டம் போட்டார்கள். கவுன்சிலர்களில் பாதிப் பேர் வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஆள் போதாமல் கூட்டம் கலைந்தது. வந்தவர்கள் டீ, வடை, மத்தியானச் சோறு வரை இருந்து கலைந்தார்கள்.

அலுவலக வாசலில் டீக்கடை வைத்திருந்த பூமாலை பில்லோடு வந்தாள். இரண்டாயிரத்து ஐந்நூறு. கடன் பேச்சே கிடையாது, அன்றைய காசு அன்றைக்கே. கூட்டச் செலவுக்கு மட்டும் தீர்மானம் தேவையில்லை.

இப்போது மோட்டாருக்கு ஐந்நூறு குறைந்தது.

"அந்த ஐந்நூற நான் போடறேன் சார்."

"கவர்மெண்டுக்குக் கைக்காசா? அதுக்கும் தீர்மானம் வேணும்."

இரண்டாவது கூட்டம். அதில் எஸ்டிமேட்டைக் குறைக்க ஒரு கமிட்டி. மூன்றாவது கூட்டத்தில் கமிட்டிக்குக் கறிச்சோறு.

மூன்றாவது கூட்டம் வரை காலிக் குடத்தோடு வந்து கத்திய குளத்துமேட்டுப் பெண்கள், அதற்குப் பிறகு வரவே இல்லை.

"பாத்தியா? ஒரு குடம் வர்ல. அவசரமில்லனு அவங்களே சொல்றாங்க" என்றார் ஆதிமூலம், நாலாவது கூட்டத்தில்.

"கத்தறதுக்கும் தொண்டையில ஈரம் வேணும் சார்."

யாரோ வடைக்குச் சட்னி கேட்டார்.

ஐந்தாவது கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: மோட்டார் எரிவது அவசரமே. எல்லோரும் கை தட்டினார்கள். உபரியில் மிச்சம் ஆறாயிரம்.

செவ்வந்தி கடைசி பில்லுக்கான பணத்தைப் பூமாலையின் பெஞ்சில் வீசாத குறையாக வைத்தாள்.

"இந்தா. குளத்துமேட்டு ஜனங்க தண்ணிக் காசு. இவங்க தின்னாங்க, நீ வித்த. நல்லா இரு."

பூமாலை நிதானமாக எண்ணி முடித்தாள்.

"இன்னாத்துக்கு மேடம் கோவிச்சிக்கினு? என் வூடும் குளத்துமேட்டுலதான். மூணு பில்லு காசு வந்ததுமே சங்கராபுரத்து மெக்கானிக்க இட்டாந்து, அஞ்சாயிரத்துல சரி பண்ணிட்டோம். நாலாவது கூட்டத்துலேர்ந்து இவங்க குடிச்ச டீயெல்லாம் அந்த மோட்டார் தண்ணிதான்."