குடை கேட்ட ட்ரம்பெட்

நாற்பத்திரண்டு மின்தூக்கிகளின் காவலனே, கம்பிவடம் தேய்ந்தாலும் நெஞ்சுரம் தேயாதவனே, கிரீஸ் மணக்கும் மார்பனே, அடுக்குமாடிகளை ஆளும் லிஃப்ட் மெக்கானிக்கே, நீ வாழி. உன் உதடுகளோடு ஓயாது பொருத பித்தளை ட்ரம்பெட்டும் வாழி.

இவ்வீரர் எதிர்த்து நின்றது ஒரே ஒரு சுரத்தை. தொழிலாளர் பேண்டின் ஞாயிறு மாலைக் கச்சேரியில் அவருக்கென்று வாய்த்த தனி வாசிப்பு ஒன்பது சுரம் கொண்டது. அவற்றுள் ஐந்து சுரங்கள் யானைப்படையென அசைந்து முன்னேற, உச்சிக்கோட்டையில் வீற்றிருந்த ஆறாவது மட்டும் அவர் ஏறும்தோறும் ஏணியைத் தள்ளிவிட்டு, எண்ணெய் காணாத கதவுபோல் கிறீச்சிட்டு நகைத்தது.

பேண்ட் மாஸ்டர் ஆணையிட்டார்: “தொண்டையில ஊதுறீங்க. முதல்ல பாடுங்க, அப்புறம் பேசுங்க, அதுக்கப்புறம் ஊதுங்க. அந்த ஒன்பது சுரத்துக்கும் வார்த்தை போடுங்க. மனசாரச் சொல்ற வார்த்தையா இருக்கணும். சனிக்கிழமையும் உடைஞ்சா, தனி வாசிப்பு உங்க மச்சினனுக்கு.”

மச்சினன் என்பவன், இவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்த இரண்டாம் ட்ரம்பெட், மனைவியின் தம்பி. போன மழைக்காலத்தில் “நாளைக்கே தர்றேன் மாமா” என்று சொல்லி மரக்கைப்பிடிக் குடையைக் கவர்ந்து சென்றவனும் அவனே.

வீட்டில் பாடவும் ஊதவும் மனைவி தடையுத்தரவு பிறப்பித்திருந்தபடியால், நாயகர் ஒரு லிஃப்டுக்குள் புகுந்து, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அதை நிறுத்தி, “மாலைச் சூரியனே போய் வாராய்” என்று பாடலானார். சொற்கள் தொண்டையிலேயே வீழ்ந்து மாண்டன. நாலாம் முறை மாளும்போது அவருடைய கைபேசி ஒலித்தது. “லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டு அழறாங்க, சீக்கிரம் வாங்க” என்றாள் நான்காம் மாடிப் பெண்மணி.

“அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்றார், உள்ளிருந்தபடியே.

சனிக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நாயகர் காலணிக்குள் குளம் தேங்க ஒத்திகை அறைக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஒரு துளியும் படாத மேனியனாக மச்சினன் நுழைந்து, அந்தக் குடையை, ஆம், அந்தக் குடையையே உதறி, நாயகரின் இசைத்தாள் தாங்கியில் மாட்டினான். மாஸ்டர் கைகாட்டினார். ஏழு மாதச் சினம் அடிவயிற்றில் ஊழித்தீயாய்த் திரண்டு, விலாவை விரித்து, தொண்டையின் பெருவாயில்களைத் தகர்த்தெறிந்து, பதினாறு பேர் கேட்க, ஒன்பது சுரத்தில் எழுந்தது:

“என் குடைய எப்போ தருவ?”

பாடினார். பேசினார். பிறகு ஊதினார். ‘எப்போ’வின் ‘போ’வுக்கு வாய் குவிந்து உள்ளே தொண்டை அகன்ற அக்கணத்தில் ஆறாவது சுரம் ஆயுதங்களைக் கீழே போட்டது. கோட்டை வீழ்ந்தது, பெருமுரசுக்காரர் முரசை மறந்தார்.

“இதுதான். என்ன உருக்கம்” என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார் மாஸ்டர். மச்சினன் தன் காய்ந்த காலணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ஞாயிறன்று, மேடையேறச் சில நொடிகளே இருக்கையில், மச்சினன் தன் இறுதி அஸ்திரத்தை எடுத்தான். மடித்து, பட்டை கட்டி, இரு கைகளாலும் நீட்டினான். “இந்தாங்க மாமா, உங்க குடை.”

உருவிய வாளைக் கண்டவர்போல் நாயகர் பின்வாங்கினார். குடை கைக்கு வந்துவிட்டால் ஆறாவது சுரம் எதைக் கேட்கும்? “கிட்ட வராத. நீயே வச்சுக்கோ” என்று முழங்கி, மேடையேறி, ஊதினார். கூட்டம் கண் கலங்கியது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் இறந்துபோன தம்பியை நினைத்து விம்மினார். மாஸ்டர் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துப் பிரகடனம் செய்தார்: “அடுத்த மாசமும் தனி வாசிப்பு இவருக்குத்தான்.”

மண்டபத்தின் வாசலில் மழை திரைகட்டி நிற்க, மச்சினன் மீண்டும் குடையை நீட்ட, வெற்றித்திருமகள் தோள்மேல் வீற்றிருக்கும் வீரர் குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அடுத்த மாதத்தை நினைத்தார்.

நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.