இருமல் பெட்டி

செல்ஃப் மறுபடியும் முனகியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

பெரியவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். முதுகு சீட்டில் படாமல் ஓட்டுவது அவருடைய அப்பாவின் வழக்கம். சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரை மூன்று மிதி மிதித்து, அப்புறம் சாவியைத் திருப்புவதும் அப்பாவின் வழக்கம்தான். காரும் அப்பாவுடையது. மாற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

"என்னங்க, பெட்ரோல் நாத்தம் சமையல்கட்டு வரைக்கும் வருது," என்றாள் மனைவி.

"நாத்தம்னு சொல்லாதே. வாசனைன்னு சொல்லு."

பழைய கார் சங்கத்துப் பரிசோதகர் வரும் நேரம். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினை உரிமையாளர் அவர் கண்ணெதிரில் கிளப்ப வேண்டும். இன்ஜினில் பொறித்த எண்ணும் காரின் உடம்பில் அடித்திருக்கும் தகட்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால், பிறந்தபோது இருந்த அதே இன்ஜின் என்று பித்தளைப் பட்டயம் கிடைக்கும்.

போன வாரம் சம்பந்தி அந்தப் பட்டயத்தைக் கோட்டை விட்டார். அவருடையதும் இதே மாதிரிக் கார்தான். முதல் திருப்பிலேயே கிளம்பியது, ஆனால் எண் பொருந்தவில்லை. அன்றிரவே பெரியவர் போன் போட்டு, "உடம்பு உங்களது, உசிரு இரவலா சம்பந்தி?" என்று விசாரித்தார். சும்மா நிற்கும்போது லேசாக இருமும் அந்த இன்ஜினுக்கு 'இருமல் பெட்டி' என்று பெயர் வைத்தவரும் அவரே. "ஞாயித்துக்கிழமை வாங்க. நல்ல குடும்பத்து இன்ஜின் எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போங்க," என்று அழைப்பும் விடுத்திருந்தார்.

ஆகவே வண்டி கிளம்பியே தீர வேண்டும்.

"முழங்காலுக்கு ஒத்தடம் குடுப்பியே, அந்த வெந்நீர்ப் பையை எடுத்துட்டு வா. கம்பளியையும் கொண்டா."

"உங்களுக்கா?"

"வண்டிக்கு."

பானெட்டை மூடி அரைமணி ஆகவில்லை, பரிசோதகரும் சம்பந்தியும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். பரிசோதகர் வெள்ளைச் சட்டைக்காரர். பானெட்டில் உள்ளங்கையை வைத்தார், புருவம் ஏறியது.

"சூடா இருக்கே. முன்னாடியே ஓட்டிட்டீங்களா?"

"இல்லை," என்றார் பெரியவர். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பானெட்டைத் திறந்த பரிசோதகர் கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். "என்னங்க ஐயா, காய்ச்சலா?"

"குளிர்ல வயசானவங்களுக்குப் போத்தி விடறது எங்க வீட்டு மரியாதை."

"மரியாதை எல்லாம் ஆறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்."

ஆறும் வரை சம்பந்தி காபி குடித்தார். கேலிக்கு அவர் காபியை உறிஞ்சிய விதமே போதுமானதாக இருந்தது.

இன்ஜின் நன்றாகக் குளிர்ந்ததும் பெரியவர் ஏறி உட்கார்ந்தார். சோக். மூன்று மிதி. சாவி. செல்ஃப் முனகியது, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

"பிளக் நனைஞ்சிருக்கும்," என்றார் பரிசோதகர்.

பெரியவர் பிளக்குகளைக் கழற்றிக் கொண்டுபோய் அடுப்பில் காட்டினார். "இதுக்கு உப்புப் போடணுமா, காரம் போடணுமா?" என்று கேட்டாள் மனைவி. பெரியவர் காய்ந்ததைக் கொண்டுவந்து மாட்டி, ஒயர்களைச் செருகி, சாவியைத் திருப்பினார்.

படார்!

புகை அடங்கியபோது பரிசோதகரின் வெள்ளைச் சட்டை பாதி கறுப்பாகியிருந்தது.

"ரெண்டு ஒயர் இடம் மாறிப் போச்சு சம்பந்தி," என்றார் சம்பந்தி.

"தெரியும்."

ஒயரை மாற்றிச் செருகி மறுபடி திருப்பினார். இந்தத் தடவை முனகலே நலிந்திருந்தது.

"பேட்டரி போகுது ஐயா. இன்னும் ஒரே ஒரு தடவை தாங்கும். எடுக்கலைன்னா நான் எழுதிட்டுக் கிளம்பறேன்."

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமா?"

"எங்கப்பா வண்டியில வேத்து வீட்டுக் கை படறதா?"

"வேத்து வீடா? உங்க மருமகளைப் பெத்தவருங்க," என்றாள் மனைவி.

பெரியவர் யோசித்தார். "சரி. ஆனா சாவியை நான்தான் திருப்புவேன்."

சம்பந்தி சோக்கை உள்ளே தள்ளினார். இன்ஜினின் பக்கவாட்டில் பெட்ரோல் பம்புக்கு அடியிலிருந்த சின்ன நெம்புகோலை விரலால் அசைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி, அதன் குதியால் கார்புரேட்டரின் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"செருப்பாலயா!" என்று பதறினார் பெரியவர்.

"எங்கப்பா வண்டி ஆரம்பத்துல இப்படித்தான் எடுக்கும். இன்ஜினை இறக்கி, பெயின்ட் அடிச்சு வந்ததுக்கப்புறம் இந்தக் கூத்தே தேவைப்படல. முழு சோக், மூணு மிதி, பூ மாதிரி எடுத்துரும்."

"எங்களுது நேர்மாறு. பெயின்ட் அடிச்சு வந்ததுலேர்ந்துதான் காலையில அடம். பெயின்ட் ஒத்துக்கலைன்னு அப்பா சொல்லுவார்."

"எங்க குடுத்தீங்க?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி, பாட்டுக்கார மேஸ்திரி ஒர்க்‌ஷாப்புல."

"அட, நாங்களும் அங்கதான்!"

"நல்ல வேலைக்காரர்," என்று சொல்லிப் பெரியவர் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. சீராக, மெத்தென்று ஓடியது.

"கேட்டீங்களா? இருமல் இருக்கா?" என்றார் பெரியவர், முதல் தடவையாகச் சீட்டில் சாய்ந்து.

பரிசோதகர் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகக் குனிந்து, பொறித்த எண்ணைத் தேய்த்தார். எண்ணைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். "பொருந்தலைங்க ஐயா."

"அழுக்கு. இப்படிக் குடுங்க." பெரியவர் பிரஷ்ஷை வாங்கித் தேய்த்தார். எண் பளபளவென்று துலங்கியது. அப்போதும் பொருந்தவில்லை.

"உசிரு இரவலா சம்பந்தி?" என்றார் சம்பந்தி.

பரிசோதகர் எதையோ நினைத்துக்கொண்டவர்போல் செல்போனை எடுத்து, போன வாரம் சம்பந்தியின் இன்ஜினில் எடுத்த எண்ணின் படத்தைத் தேடினார். அதைத் தகட்டின் பக்கத்தில் பிடித்து, பெரியவரின் மனைவியிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

பெரியவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. இறங்கி நிமிர்ந்து நின்றார். தோற்றுப்போகிற குடும்பமல்ல அவருடையது.

"இரவலா இருந்தா என்ன? யார் வீட்டுதோ, கௌரவமான இன்ஜின். உங்க இருமல் பெட்டி மாதிரியா? அது எந்தத் தரங்கெட்ட வீட்டுதோ, வச்சிருந்தவன் எப்பேர்ப்பட்ட கஞ்சனோ, எண்ணெய் ஊத்தி ஒழுங்கா வளர்த்திருந்தா அது இப்படி நாலு பேர் முன்னாடி இருமுமா..."

"என்னங்க," என்றாள் மனைவி, தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாயைக் கொஞ்சம் மூடுங்க. அந்த இருமல் பெட்டி உங்கப்பாவோடது."